கிட்டங்கித் தெருவுக்கு வாங்கிய காது

ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஏழரை மணிக்கு, கிட்டங்கித் தெருவில் தமயந்தி வீட்டு அடுப்பிலிருந்த குக்கர் இரண்டு விசில் அடித்துவிட்டு மூன்றாவதை அடிக்காமல் விட்டது. ஆவி வந்தது, வெயிட் துள்ளியது, சத்தம் மட்டும் வரவில்லை. அவள் கரண்டியால் மூடியைத் தட்டினாள், அதுவும் ஊமையாக இருந்தது. என்ன எழவு இது என்று வாய்விட்டுச் சொன்னாள், சொன்னது அவள் காதுக்கே வரவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தால் எதிர்வீட்டுப் பால்தங்கம் அக்கா குடத்தைக் கீழே போட்டுவிட்டு அது உருண்டுபோவதையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள், பைப்படியில் நாய் ஒன்று தலையைத் தூக்கித் தூக்கிக் குரைத்துவிட்டுத் தன் குரல் எங்கே போனது என்று தன் வாலைத் திரும்பிப் பார்த்தது.

மாவு மில் முக்கிலிருந்து தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் வேப்பமரம் வரை, நாற்பத்திரண்டு வீடுகளுக்கு, சத்தம் இல்லை. மாவு மில்லைத் தாண்டி ஓரடி வைத்தால் பஸ் ஹாரனும் டீக்கடைப் பாட்டும் பழையபடி காதில் விழுந்தன. வேப்பமரத்தைத் தாண்டினால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. நடுவில் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

முதல் வாரம் அழுதார்கள், இரண்டாம் வாரம் பழகிக்கொண்டார்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் காலில் நூலைக் கட்டி மறுமுனையைத் தாய்மார் தங்கள் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு சமைத்தார்கள், மீன்காரர் கூவுவதற்குப் பதிலாகத் தட்டை வெயிலில் திருப்பி வீட்டுக்கு வீடு வெளிச்சம் அடித்தார், சண்டை போட வேண்டிய புருஷனும் பெண்டாட்டியும் விறுவிறுவென்று மாவு மில் முக்குக்கு நடந்து அங்கே நின்று ஆசைதீரக் கத்திவிட்டு மறுபடியும் ஜோடியாகத் திரும்பி வந்தார்கள், அதில் பாதிப் பேர் போகும் வழியிலேயே கோபம் ஆறிப்போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். தெருச் சங்கத் தலைவர் மாவு மில் பொன்னையா, ஆள் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவர், கழுத்தில் சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் எழுத்திலேயே உத்தரவு போட்டார். காரணம் என்ன என்று கேட்டவர்கள் வெளித்தெருக்காரர்கள்தான். உள்ளே இருந்தவர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

சத்தம் செத்துப்போகவில்லை, எங்கோ உயிரோடுதான் இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் தமயந்தியின் புருஷன் இசக்கிராஜா. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், ஓட்டாத நேரமெல்லாம் லேப்டாப் விளையாட்டில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சுட்டுக்கொண்டிருப்பான். அதற்காகக் கட்டைவிரல் அளவில் பழைய சவுண்டு கார்டு ஒன்றும் மைக் வைத்த ஹெட்போன் ஒன்றும் வைத்திருந்தான். ஒருநாள் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, சோறு ஆறுது என்று பின்னாலிருந்து தமயந்தி சொன்னது அவன் காதில் தெளிவாக விழுந்தது. போனில் மாட்டிப் பார்த்தான், கேட்கவில்லை. லேப்டாப்பில் நேராகச் சொருகிப் பார்த்தான், கேட்கவில்லை. மைக்குக்கும் காதுக்கும் நடுவில் தனியாக ஒரு சவுண்டு கார்டு இருந்தால்தான் தெருவின் சத்தம் கேட்டது. மறுநாளிலிருந்து அவன் வீட்டு வாசலில் வரிசை நின்றது. ஒருவர் தன் வீட்டு மிக்சி சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனார், ஒருவர் தன் குறட்டையைக் கேட்க வேண்டுமென்று பட்டப்பகலில் அங்கேயே படுத்துத் தூங்கினார், பால்தங்கம் அக்கா தன் குழாயில் தண்ணீர் சொட்டுவதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வீட்டுச் சத்தத்தையும் சுமந்த அந்தக் கட்டைவிரல் கார்டு ஒரே மாதத்தில் சூடாகிப் புகைந்து அடங்கியது.

இதுவரைக்கும் வேடிக்கைதான். வேடிக்கையில்லாத விஷயம் தண்டவாளம்.

கிட்டங்கித் தெருக்காரர்கள் தண்டவாளத்தைக் கண்ணால் தாண்டியவர்கள் அல்ல, காதால் தாண்டியவர்கள். ரயில்வே கேட் ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றிப் போனால் இருக்கிறது, அங்கே போகச் சொல்லிப் பலகையில் எழுதியும் வைத்திருக்கிறது, ஆனால் தெருவில் பிறந்த யாரும் அந்தப் பலகையை வாசித்ததாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் கருவேலம் புதர், வடக்கே ஒரு வளைவு, தெற்கே ஒரு மேடு. தெற்கேயிருந்து எந்த ரயிலும் மேடேறி மூச்சு வாங்கித்தான் வரும். ஊதின பிறகு ஆடு மாட்டையே ஓட்டிக்கொண்டு தாண்டிவிடலாம். வடக்கேயிருந்து வருவது அப்படியில்லை, நம் ஊரை ஊராகவே மதிக்காமல் பாய்ந்து வளைவில் தலையை நீட்டும்போதே வந்துவிட்டிருக்கும். அதனால் வடக்கே ஊதினால் நில், தெற்கே ஊதினால் நட என்பதுதான் அங்கே பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது. இப்போது ஊதுவதே கேட்கவில்லை. மூன்று நாள் கேட் வழியாகச் சுற்றி நடந்தார்கள், நான்காம் நாள் கால் பழைய பாதைக்கே போய்விட்டது. பொன்னையாவின் கிடா செத்தது. அடுத்த வாரம் ஒரு பால்காரரின் சைக்கிள் பின்சக்கரம் போனது, ஆள் பிழைத்தார்.

தமயந்தியின் மகள் சுபிக்ஷாவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். தமயந்தி தினமும் காலை எட்டரையிலிருந்து எட்டே முக்கால் வரை ஒரு வேலையும் ஓடாமல் தண்டவாளத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

சங்கம் கூடியது. வீட்டுக்கு வீடு வசூலித்து ஒரே ஒரு சவுண்டு கார்டும் ஒரே ஒரு ஹெட்போனும் வாங்குவது, அதைத் தண்டவாளத்தோரம் வைத்து முறைபோட்டு ஆள் உட்காருவது, பச்சைத் துண்டும் சிவப்புத் துண்டும் காட்டுவது, பிள்ளைகள் ஒரு கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே தாண்டுவது, கயிற்றின் நுனி காவல் இருப்பவர் இடுப்பில் இருப்பது என்று முடிவானது. கயிற்றில் குள்ளமான பிள்ளை முன்னே, வளர்ந்தது பின்னே, இழுத்தால் பின்னாலிருப்பது தாங்கும் என்று கணக்கு. தெருவிலேயே குள்ளம் சுபிக்ஷாதான். கடைசியில் பொன்னையா சிலேட்டில் எழுதினார்: ‘கேம் விளையாடும் செட் வாங்கவும். 7.1 என்று போட்டிருக்க வேண்டும். லைட் எரிய வேண்டும்.’ லைட் எதற்கு என்று யாரும் எழுதிக் கேட்கவில்லை.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் காதர் பாய் கடைக்கு இசக்கிராஜாவும் தமயந்தியும் போனார்கள். தமயந்தி கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு பாடுகிறவள். அரைச் சுருதி விலகினால் சாப்பாட்டுப் பந்தியில் முணுமுணுத்துப் பாடுகிறவனையும் திரும்பிப் பார்க்கிற ஜாதி. காதர் பாய் இரண்டு செட்டை எடுத்துவைத்தார்.

“மாப்ள, உங்க பட்ஜெட்டுக்கு ரெண்டு வழிதான். கார்டுக்குக் காசப் போட்டா ஹெட்போன் சுமாரா வரும். ஹெட்போனுக்குப் போட்டா கார்டு சாதா. ரெண்டும் ஒசத்தின்னா உங்க தெருவ அடமானம் வைக்கணும்.”

இசக்கிராஜா சிவப்பு லைட் எரிகிறதை மாட்டிக்கொண்டு தன் விளையாட்டைப் போட்டுக் கேட்டான். முகம் மலர்ந்தது.

“இதுதான் பாய். ஆள் எங்கன நிக்கான்னு காட்டிக் குடுத்துருது. 7.1னா சும்மாவா, ஏழு பக்கமும் கேக்கு.”

“உண்மையச் சொல்லிருதேன். உனக்கு இருக்கது ரெண்டு காது. இதுக்குள்ள இருக்கதும் ரெண்டே ஸ்பீக்கர்தான். மிச்சமெல்லாம் அட்டைப்பெட்டியிலதான் இருக்கு. பாஸ், அந்தக் கனத்த சத்தத்த, ஏத்தி வச்சிருக்கான், குண்டு வெடிச்சா ஜோரா இருக்கும். ஆனா காலடிச் சத்தம் அமுங்கிரும்.”

தமயந்தி போனை எடுத்தாள். ஊர் ஸ்டேஷனில் நின்று அவள் பிடித்துவைத்திருந்த ரயில் ஹாரன் அதில் இருந்தது. லைட் எரிகிறதில் அதைக் கேட்டாள். ஹாரன் வலப்பக்கமிருந்து இடப்பக்கம் போவது நன்றாகத் தெரிந்தது, ஆனால் அது என்ன சுரம் என்று பிடிக்க முடியவில்லை. களி மாதிரித் தடித்துப்போய்க் கேட்டது. அடுத்ததை, லைட்டும் இல்லாத எழுத்தும் இல்லாத கறுப்பு ஹெட்போனை, சாதா கார்டில் சொருகி மாட்டினாள். ஹாரன் தனியாக வந்து நின்றது. பக்கமும் தெரிந்தது, அவ்வளவு படம் காட்டாமல் தெரிந்தது.

“இத எடுப்போம்ங்க. அதுல சுருதி சேரல.”

“ரயில் என்ன கச்சேரியா பண்ணப்போவுது? எந்தப் பக்கம்னு தெரிஞ்சாப் போதாதா?”

“எந்தப் பக்கம்னு மட்டும் தெரிஞ்சு என்ன செய்ய. வாரது என்னன்னு தெரியாண்டாமா?”

“தெருவுல 7.1 கேட்டுருக்காவ. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இதக் கொண்டுபோக?”

“என் மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கொண்டுபோவோம்.”

இரண்டு பேரும் குரலை உயர்த்திச் சண்டை போட்டார்கள். தெருவில் கிடைக்காத சத்தம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே போட்டார்கள், காதர் பாய் குறுக்கே வராமல் டீ சொன்னார். டீ வந்தபோது இசக்கிராஜா தணிந்துவிட்டான், ஆனால் வாயை மூடவில்லை.

“சரி, ஒன் இஷ்டம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா தெருவுக்கு நீதான் பதில் சொல்லணும்.”

“சொல்லுதேன்.”

சொல்லிவிட்டாளே ஒழிய, திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கறுப்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனிலிருந்த ஹாரனையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டபடி வந்தாள். தெருவில் பெட்டியைப் பிரித்ததும் பொன்னையா சிலேட்டில் ‘லைட் எங்கே’ என்று எழுதினார். இரண்டாவதாக ‘பாட்டுக்காரி வேலை’ என்று எழுதி, அதைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு நடந்தார்.

தண்டவாளத்தோரம் ஒரு கம்பத்தை நட்டு அதன் தலையில் ஒரு மண்பானையைக் கவிழ்த்து, மனுஷத் தலைக்கு இரண்டு காது மாதிரி இரண்டு பக்கமும் குட்டி மைக் ஒன்றொன்றை ஒட்டினான் இசக்கிராஜா. பானை மேற்கே தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும், இடது காது தெற்கு, வலது காது வடக்கு. எது முன்பக்கம் என்று தெரிவதற்காகக் கரியால் கண்ணும் மீசையும் எழுதிவைத்தான். அவன் காவல் இருந்த நாட்களில் ரயில் நேரம் தவறினாலும் அவன் துண்டு தவறவில்லை. வருடக்கணக்காக மறைந்திருந்து சுடுகிறவனின் காலடியைக் கேட்டுப் பழகிய காது அது. மற்றவர்களும் மெல்லத் தேறினார்கள். ஒரு மாதம் ஒரு கோழிகூடச் சாகவில்லை.

ஒன்றும் சாகாமல் இருந்தால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா. முதலில் யாரோ பானைக்கு ஒரு பொட்டு வைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசியாயிற்று, அதற்கடுத்த வெள்ளி சாம்பிராணி, பிள்ளை வரம் கேட்டு ஒருத்தி மைக் வயரில் மஞ்சள் துணி முடிந்தாள், ‘காதுடையார்’ என்று பேரும் வந்துவிட்டது. பொன்னையா, லைட் இல்லை என்ற குறை தீர, பானைக்கு ஒரு சீரியல் லைட்டைச் சுற்றினார்.

புரட்டாசி இரண்டாம் வெள்ளிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் பால்தங்கம் அக்கா மூன்று பெண்களோடு வந்து கரிக் கண்ணும் மீசையும் அழியாமல் பானையைத் துடைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்துப்பக்கம் சிவப்புப் பட்டுத்துணி சுற்றி, அதன்மேல் கதம்ப மாலையைப் பானையே தெரியாத அளவுக்குப் போட்டாள். போட்டுவிட்டு எட்ட நின்று பார்த்தவளுக்கு ஒரு குறை உறுத்தியது. சாமி என்றால் கிழக்கே அல்லவா பார்க்க வேண்டும், இது பாட்டுக்குத் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறதே. இரண்டு கையாலும் பயபக்தியோடு பானையைப் பிடித்து, வயர் அறுந்துவிடாமல் பதனமாக, கிழக்கே தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குக் காவல் முறை தமயந்தியுடையது. இசக்கிராஜா விடியுமுன்பே தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். எட்டரைக்கு அவள் வந்தபோது காதுடையார் பூவுக்குள் முங்கிப்போயிருந்தார், கண்ணும் தெரியவில்லை மீசையும் தெரியவில்லை. அவளும் ஒரு கும்பிடு போட்டாள். லேப்டாப்பைத் திறந்து ஹெட்போனை மாட்டி, கயிற்றின் நுனியை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தாள். பதினான்கு பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து வரிசையாக நின்றன. முன்னால் சுபிக்ஷா, முதுகில் அவளைவிடப் பெரிய பை.

காதில் புதர்க் காற்று கேட்டது, பிள்ளைகளின் சளசளப்பு கேட்டது, சீரியல் லைட்டின் மெல்லிய இரைச்சல் கேட்டது. எட்டு நாற்பதுக்கு ஹாரன் ஊதியது.

இடது காதில்.

இடது என்றால் தெற்கு. தெற்கு என்றால் நட. தமயந்தி பச்சைத் துண்டைத் தூக்கினாள். பிள்ளைகள் துண்டைத்தான் பார்க்கும், துண்டைப் பார்த்தபின் காலைத்தான் பார்க்கும், அப்படித்தான் பழக்கியிருந்தது. சுபிக்ஷா ஜல்லிக் கல்லில் ஏறினாள்.

ஹாரன் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. தமயந்திக்கு ஏதோ ஒன்று கடித்தது, பாடிக்கொண்டிருக்கும்போது ஹார்மோனியக்காரர் பக்கத்துக் கட்டையைத் தொட்டுவிட்டால் கடிக்குமே, அந்த மாதிரி. சத்தம் போவதற்கு முன்னால் பதினோரு வருஷம் அந்தத் தெருவில் அவள் ரயிலைக் கேட்டிருக்கிறாள். தெற்கு ரயில் தளர்ந்து ஊதும். வடக்கு ரயில் அதே ஹாரனைத்தான் ஊதும், ஆனால் வருகிற வேகத்தில் அரைச் சுரம் ஏறி, இழுத்துக் கட்டின தந்திபோல வரும். இது ஏறியிருந்தது. பக்கம் தெற்கு என்கிறது, சுரம் வடக்கு என்கிறது. இரண்டில் ஒன்று பொய். பக்கத்தைச் சொல்வது புருஷன் கட்டிய பானை, தெருவே கும்பிடுகிற பானை, ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு தடவைகூடத் தப்பாதது. சுரத்தைச் சொல்வது அவள் ஒருத்தி.

சுபிக்ஷாவின் வலது கால் முதல் தண்டவாளத்தைத் தாண்டி நடுக்கட்டையில் பதிந்தது.

துண்டை மாற்றிப் பயனில்லை, பிள்ளை திரும்பிப் பார்க்காது. கத்திப் பயனில்லை. தமயந்தி கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, உட்கார்ந்திருந்த கல்லிலிருந்து பின்பக்கமாகத் தன் உடம்பை மொத்தமாகத் தரையில் எறிந்தாள். கயிறு விண்ணென்று இழுபட்டது. பின்னால் நின்ற பெரிய பிள்ளைகள் சரிந்தன, சரிந்தவை முன்னாலிருந்தவற்றை இழுத்துக்கொண்டு சரிந்தன, கயிற்றை விடவே கூடாது என்று வீட்டில் அடித்துச் சொல்லிவைத்திருந்ததால் சுபிக்ஷாவும் விடவில்லை, பையோடு மல்லாக்கத் தூக்கப்பட்டு ஜல்லியில் வந்து விழுந்தாள். வடக்கு வளைவிலிருந்து எக்ஸ்பிரஸ் வந்தது. சத்தமே இல்லாமல், ஜன்னல் ஜன்னலாக, பிள்ளையின் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி, பதினேழு பெட்டியும் போனது. மாலையிலிருந்து பூக்கள் பறந்து பிள்ளைகள்மேல் விழுந்தன.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பானையைத் திருப்பியது யார் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் பால்தங்கம் அக்கா எட்டு நாள் சாப்பிடவில்லை, ஒன்பதாம் நாள் தமயந்திதான் கஞ்சியைக் கொண்டுபோய் ஊட்டினாள். இசக்கிராஜா பானையை மேற்கே திருப்பிச் சிமெண்டு போட்டு இறுக்கினான். அதற்கப்புறம் கறுப்பு ஹெட்போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பொன்னையா தன் சிலேட்டைத் துடைத்து ‘பிள்ளைகள் கேட் வழியாகப் போகவும்’ என்று எழுதி, அதைக் கம்பத்தில் ஆணியடித்து மாட்டினார். இந்தத் தடவை வாசித்தார்கள். அத்தனை பிள்ளைகளையும் தினமும் அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் அவரே கூட்டிக்கொண்டு நடந்தார். சத்தம் தைப் பொங்கலுக்குத் திரும்பி வந்தது என்றும் சொல்கிறார்கள், வரவே இல்லை என்றும் சொல்கிறார்கள், அது நமக்கு முக்கியமில்லை.

கடைசிப் பெட்டி போனபின் தமயந்தி எழுந்து ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பானைக்கு முன்னால் தரையில் உட்காரவைத்துக் கையைத் தடவினாள், காலைத் தடவினாள், பின்மண்டையைத் தடவினாள். முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. பிள்ளை வாயைத் திறந்து அழுதது, கண்ணீர் கொட்டியது, தொண்டை நரம்பு புடைத்தது, ஒரு சத்தமும் இல்லை. எங்கே வலிக்கிறது என்று இவள் கேட்பதும் பிள்ளைக்குக் கேட்கவில்லை. எலும்பு முறிந்திருக்கிறதா, உள்ளே எங்காவது அடியா என்று தெரியாமல் தமயந்தி தடவின இடத்தையே மறுபடியும் தடவினாள். அழுகையைக் கேட்டால் எந்தத் தாய்க்கும் தெரிந்துவிடும், கேட்டால்தானே.

விழுந்த வேகத்தில் கழன்ற ஹெட்போன் லேப்டாப் பக்கத்தில் வயரோடு கிடந்தது. ரயில் காற்றில் மாலை அவிழ்ந்து பானையின் முகம் வெளியே தெரிந்தது, கரிக் கண்ணும் மீசையுமாகத் தெருவையும் சுபிக்ஷாவையும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. தமயந்தி அப்போதுதான் அதைக் கண்டாள். கண்டவள் பானையைத் தொடவில்லை. ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

வலியில் அழுதால் சுபிக்ஷா மேலே மேலே ஏறுவாள், பயத்தில் அழுதால் ஒரே சுரத்தில் இழுப்பாள். இது ஒரே சுரம். இரண்டு காதிலும் கூடக்குறைய இல்லாமல், நேர் எதிரிலிருந்து வந்தது. தமயந்தி மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அது அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.